நாடிழந்த ராஜா யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தால் பாதிப் பொழுது மடிக்கணினியோடுதான். ஐரோப்பிய இடைக்காலத்தை வைத்துச் செய்த ஒரு வியூக விளையாட்டில் அவன் ஒரு சின்ன நாட்டுக்கு ராஜா. ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் அறைக்கு வந்து, "மாமா, நாடு போச்சு. சித்தப்பன்காரன் பிடுங்கிட்டான். எங்க ஓடுறதுன்னு கேக்குது, என்னத்த அமுக்கட்டும்?" என்றான். திரையில் நான்கு வழிகள் இருந்தன. உறவுக்காரர் அவையில் போய்த் தங்குவது. தூரத்துப் பேரரசன் ஒருவனிடம் படைவேலைக்குச் சேர்வது. போப்பாண்டவரிடம் அடைக்கலம் கேட்பது. வென்றவனிடமே பணிந்து அவன் கொடுப்பதை வாங்கிக்கொள்வது.

தூக்கக் கலக்கத்தில் "படைவேலை" என்று சொல்லிவிட்டேன். அவனும் போய்விட்டான். மறுநாள் யோசித்தால், அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. இதே முடிவை நிஜமாகவே எடுக்க நேர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய கதையை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ராஜா இறங்கி வந்த அதே படிக்கட்டில் வேறு சிலர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நிலமில்லாத வீரர்களும் கடன் கொடுத்த வியாபாரியும் பிரபுக்கள் ஆனார்கள். ஆகவே இதை ஒரு ஆளின் பிரச்சினையாகப் பார்ப்பது போதாது. ஓடி வருபவன் கணக்கு ஒன்று, அவனுக்குக் கதவைத் திறப்பவன் கணக்கு ஒன்று, இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் உறவுக்காரர் வீடு. யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அலுப்பான வழியும் இதுதான். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹரால்ட் மன்னர் இறந்ததும் லண்டன் பெரியவர்கள் எட்கர் என்ற பையனை அரசனாக அறிவித்தார்கள். பழைய ஆங்கில அரச வம்சத்தின் கடைசி ஆண்வாரிசு. முடிசூட்டவே நேரம் இருக்கவில்லை. சில வாரங்களில் நார்மன் வில்லியமிடம் பணிந்தாயிற்று. இரண்டு வருடம் கழித்து எட்கர் ஸ்காட்லாந்துக்கு ஓடினார். அங்கே அவருடைய அக்கா மார்கரெட்டை மன்னர் மால்கம் மணந்துகொண்டார். அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள் ஸ்காட்லாந்து மன்னர்கள் ஆனார்கள், ஒரு பெண் இங்கிலாந்துக்கே ராணியாகப் போனாள், மார்கரெட் பிற்பாடு புனிதர் பட்டமும் பெற்றார். எட்கருக்கு? கடைசியில் மால்கமே "போய் வில்லியமோடு சமாதானமாகிவிடு" என்று யோசனை சொல்லி அனுப்பினார். அப்புறம் வில்லியம் தினம் ஒரு பவுண்டு வெள்ளி படியளந்தார். அதையும் ஒரே ஒரு குதிரைக்காக எட்கர் விட்டுக்கொடுத்தார் என்று வில்லியம் ஆஃப் மால்ம்ஸ்பரி என்ற துறவி எழுதியிருக்கிறார். மச்சான் வீட்டில் சாப்பாடு உண்டு. ஆனால் மச்சானுக்கும் ஒரு நாடு, ஒரு எல்லை, ஒரு பலமான அண்டைவீட்டுக்காரன் உண்டு. உனக்காக அவன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அந்த அண்டைவீட்டுக்காரன்தான் தீர்மானிக்கிறான்.

இரண்டாவது வழிக்கு நான் கொடுத்த ஓட்டு ஹரால்ட் சிகுர்த்ஸனை நினைத்துத்தான். இவர் வேறு ஹரால்ட், நார்வேக்காரர். 1030-இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் அண்ணன் ஓலாவ் மன்னர் கொல்லப்பட்டபோது இவருக்கு வயது 15. காயத்தோடு தப்பி ஸ்வீடன் வழியாக கீவ் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆண்ட யாரொஸ்லாவின் மனைவி ஸ்வீடன் இளவரசி, ஓலாவின் ராணிக்குச் சகோதரி முறை. ஆகவே இதுவும் உறவுக்காரர் வீடுதான். வித்தியாசம் என்னவென்றால், ஹரால்ட் அங்கே விருந்தாளியாக உட்காரவில்லை. சில வருடம் படையில் வேலை பார்த்துவிட்டு, 1034 வாக்கில் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்ப் பேரரசரின் வராங்கியர் படையில் சேர்ந்தார். வடநாட்டுக் கோடரி வீரர்களைக் கொண்ட படை அது. சிசிலியில் சண்டை, பல்கேரியாவில் சண்டை என்று ஏழெட்டு வருடம்.

இந்த இடத்தில் ஒரு அருமையான சாட்சி கிடைக்கிறது. கெகவ்மேனோஸ் என்ற பைசாந்தியர் 1070களில் எழுதிவைத்த அறிவுரைகளில் ஹரால்டைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. வராங்கியர் நாட்டு மன்னர் மகன், 500 வீரர்களோடு வந்தார், சிசிலிக்குப் பிறகு ஒரு சின்னப் பட்டம் கொடுத்தார்கள், பல்கேரியாவுக்குப் பிறகு 'ஸ்பதரோகாண்டிடாடோஸ்' என்ற இன்னொரு பட்டம். பெயர் நீளமே தவிர அதுவும் பெரிய பதவி இல்லை. ஆனாலும் அவர் முணுமுணுக்கவில்லை, நாடு திரும்பி ராஜாவான பிறகும் நம்மிடம் நட்பாகத்தான் இருந்தார் என்று பாராட்டுகிறார்.

எதற்காகப் பாராட்டுகிறார் என்பதுதான் சுவாரசியம். பேரரசருக்கு அவர் சொல்ல வருவது இது: அரச ரத்தம் இல்லாத வெளிநாட்டானுக்குப் பெரிய பட்டங்களைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உள்ளூர் அதிகாரிகள் மனம் வெறுத்துப்போவார்கள். வெளிநாட்டு ஆட்கள் சோற்றுக்கும் துணிக்குமே நன்றாக உழைப்பார்கள். ராஜா மகனுக்கே இவ்வளவுதான் கொடுத்தோம், மற்றவர்களுக்கு எதற்கு அதற்கு மேல் என்பது வாதம். ஒருவர் இப்படி உட்கார்ந்து எச்சரிக்கிறார் என்றால், வெளியூர் ஆட்கள் மளமளவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். கான்ஸ்டான்டிநோபிளில் பட்டத்தோடு வருட சம்பளமும் வந்தது. பட்டம் என்பது பிறப்பால் வருவது என்பதைவிட அரண்மனை கொடுப்பது என்ற நிலை. இழந்தவனும் ஏறுபவனும் ஒரே வரிசையில் நின்று சம்பளம் வாங்கினார்கள். எட்கருக்குக் கிடைத்த பவுண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஹரால்ட் வாங்கியது கூலி. கூலிக்காரன் கணக்கு முடிந்தால் கிளம்பலாம்.

கிளம்ப விடவில்லை என்பது வேறு கதை. கான்ஸ்டன்டைன் மொனமாகோஸ் பேரரசர் ஆனதும் ஹரால்ட் ஊருக்குப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, ரகசியமாகத் தப்பினார். ஆனால் சேர்த்த பொருளை வருடாவருடம் யாரொஸ்லாவிடம் அனுப்பி வைத்திருந்தார் என்கின்றன ஐஸ்லாந்துக் கதைகள். கீவ் வந்து, பொருளை எடுத்துக்கொண்டு, யாரொஸ்லாவின் மகள் எலிசவெத்தையும் மணந்துகொண்டு வடக்கே போனார். 1046-இல் அண்ணன் மகன் மாக்னுஸ் நார்வேயில் பாதியைக் கொடுத்தார். மறுவருடம் மாக்னுஸ் இறக்க, முழு நாடும் ஹரால்டுடையது. கடைசியில் 1066-இல் இங்கிலாந்தைப் பிடிக்கப் போய் ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் செத்தார். அது பேராசைக் கணக்கு, நாடிழந்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பொருளை நம்பிக் கொடுத்துவைக்கும் இடம் எது என்பதை லேசாக விடக்கூடாது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இரண்டாம் ராஜசிம்மன் ஈழத்துக்கு ஓடினான். அங்கே உதவி கிடைக்காமல் போகவே முடியையும் அணிகலன்களையும் சிங்கள மன்னனிடமே விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போனான். திரும்ப வந்து எடுக்கவே இல்லை. பராந்தகன் கேட்டும் படையனுப்பியும் கிடைக்கவில்லை. நூறு வருடம் போல ஆன பிறகு ராஜேந்திர சோழன்தான் எடுத்து வந்தான். அவன் மெய்க்கீர்த்தியில் வரும் "முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும்" என்ற வரி இந்த அடைக்கலப் பொருளைத்தான் சொல்கிறது. வைத்தவனுக்கும் உதவவில்லை, வாங்கி வைத்தவனுக்கு அதுவே வம்பாகவும் போயிற்று. ஹரால்டின் பெட்டி திரும்பக் கிடைத்ததற்கு யாரொஸ்லாவின் நல்ல மனசு மட்டும் காரணமாக இருக்காது. வடக்கே ஒரு மருமகன் ராஜாவாக இருப்பது அவருக்கும் லாபம்.

சரி, இப்போது விளையாட்டில் இல்லாத ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்த கதை இதில்தான் இருக்கிறது. யாரிடமும் போய்த் தங்காமல், "என் நாட்டை மீட்டுக் கொடு, அதில் உனக்குப் பங்கு" என்று வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு வருவது.

அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோ. 1152-இல் ப்ரெஃப்னி மன்னர் ஒ'ரூர்க்கின் மனைவி டெர்வோர்கிலாவைத் தூக்கிக்கொண்டு போனவர். அதனால்தான் நாடு போனது என்று ஊரெல்லாம் சொல்லும். நடுவில் 14 வருடம் இருக்கிறது. 1166-இல் அவருக்கு ஆதரவாக இருந்த வடக்கத்தி மன்னர் மக்லாக்லன் விழுந்ததும், ரோரி ஒ'கானரும் ஒ'ரூர்க்கும் சேர்ந்து டெர்மட்டைத் துரத்தினார்கள். பழைய கோபம் ஒ'ரூர்க்குக்கு இருந்தது உண்மை, ஆனால் கதவைத் திறந்துவிட்டது அரசியல். ஆகஸ்ட் 1-ஆம் தேதி சில ஆட்களோடு கப்பலேறி பிரிஸ்டல் போய்ச் சேர்ந்தார்.

பிரிஸ்டலில் அவர் தங்கியது எந்த மன்னர் வீட்டிலும் இல்லை. ராபர்ட் ஃபிட்ஸ்ஹார்டிங் என்ற ஊர்ப் பெரும் பணக்காரர் வீட்டில். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இவருடைய தாத்தா எட்நோத் பழைய ஆங்கில மன்னர் அவையில் பெரிய அதிகாரி என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். நார்மன்கள் வந்த பிறகு அந்தக் குடும்பம் கீழே இறங்கிவிட்டது. ராபர்ட் பணத்தால் எழுந்தார். இங்கிலாந்தில் ஸ்டீஃபனும் மடில்டாவும் அரியணைக்கு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் மடில்டாவின் பக்கத்துக்கும், அவர் மகன் ஹென்றிக்கும் ராபர்ட் பணம் கொடுத்து உதவினார். அப்போது ஹென்றி கையில் கிரீடம் இல்லை, உரிமை மட்டும்தான் இருந்தது. இரண்டாம் ஹென்றி 1154-இல் அரசர் ஆனார். பெர்க்லி என்ற பிரபு குடும்பத்திடமிருந்து பறிபோன கோட்டையும் நிலமும் ராபர்ட்டுக்கு வந்தன. பழைய குடும்பம் சும்மா இருக்குமா? அதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். ராபர்ட் மகனுக்குப் பெர்க்லி வீட்டுப் பெண், பெர்க்லி மகனுக்கு ராபர்ட் வீட்டுப் பெண். பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சண்டையை முடித்தார்கள். ராபர்ட்டின் பிள்ளைகள் பெர்க்லி என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டை இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் டெர்மட் கதவைத் தட்டியது, உரிமைக்காரன் ஒருவனுக்குக் கைகொடுத்து ஒரு தடவை ஜெயித்த வீட்டில். வியாபாரிக்கு இந்த மாதிரி ஆளின் மதிப்பு தெரியும்.

அங்கிருந்து டெர்மட் பிரான்ஸின் தெற்கே இருந்த ஹென்றியைத் தேடிப் போனார். ஹென்றி படை தரவில்லை. ஒரு கடிதம் கொடுத்தார்: என் குடிகளில் யாருக்கு இஷ்டமோ இவருக்கு உதவலாம். செலவில்லாத உதவி. அதை வைத்துக்கொண்டு டெர்மட் யாரைப் பிடித்தார் என்று பாருங்கள். ரிச்சர்ட் டி கிளேர், 'ஸ்ட்ராங்போ' என்று பெயர் பெற்றவர். அப்பா பெம்ப்ரோக் எர்ல், அதாவது அந்தப் பகுதியின் பெரிய பிரபு. மகனுக்கு அந்தப் பட்டத்தை ஹென்றி ஏற்கவில்லை. அடுத்து ராபர்ட் ஃபிட்ஸ்டீஃபன். வேல்ஸ் இளவரசி நெஸ்ட்டுக்கும் கார்டிகன் கோட்டைக் காவலருக்கும் பிறந்தவர். வேல்ஸ் மன்னர் ரீஸிடம் சிறையில் இருந்தவரைப் பேசி வெளியே கொண்டுவந்தார்கள். அப்புறம் அவருடைய ஒருதாய் வயிற்றுச் சகோதரர் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட். எல்லாருமே ஊரில் இடம் போதாதவர்கள். வசதியாக இருக்கிற பிரபு எவனும் அடுத்தவன் நாட்டுச் சகதியில் இறங்க மாட்டான். நாடிழந்தவனுக்குக் கிடைக்கிற ஆட்கள் எப்போதுமே இந்த வகைதான்.

விலையும் பேசியாயிற்று. ஃபிட்ஸ்டீஃபனுக்கும் மாரிஸுக்கும் வெக்ஸ்ஃபோர்ட் ஊரும் அதைச் சுற்றிய நிலமும். ஸ்ட்ராங்போவுக்கு டெர்மட்டின் மகள் ஈவாவும், டெர்மட்டுக்குப் பிறகு லென்ஸ்டர் நாடும். இங்கேதான் கோளாறு. ஐரிஷ் வழக்கப்படி அரசுரிமை மகள் வழியாகப் போகாது. தகுதியான ஆண் பங்காளிகளுக்குள் யாராவது ஒருவர் வருவார். டெர்மட்டுக்கு ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். தனக்கு விற்க உரிமையில்லாத சொத்தை விற்றார் மனிதர்.

1167-இல் ஒரு சின்னக் கும்பலோடு முதலில் திரும்பினார், தோற்றார். ஒ'ரூர்க்குக்கு அந்தப் பழைய அவமானத்துக்கு ஈடாக 100 அவுன்ஸ் தங்கம் கட்டவேண்டி வந்தது. பொறுத்திருந்தார். 1169 மே மாதம் ஃபிட்ஸ்டீஃபன் பானோ விரிகுடாவில் இறங்கினார். 30 நைட் வீரர்கள், கவசமணிந்த 60 பேர், வில்லாளிகள் 300 பேர் என்று அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெரால்ட் என்ற குருவானவர் எழுதியிருக்கிறார். வெக்ஸ்ஃபோர்ட் விழுந்தது. 1170 ஆகஸ்டில் ஸ்ட்ராங்போ வந்து வாட்டர்ஃபோர்டைப் பிடித்தார், அந்த ஊரிலேயே ஈவாவுடன் கல்யாணம். அப்புறம் டப்ளினும் விழுந்தது. டெர்மட் கொடுத்துவைத்திருந்த பிணையாட்களை ரோரி கொன்றார், அதில் டெர்மட்டின் மகனும் ஒருவன். 1171 மே மாதம் டெர்மட் இறந்தார். நாடு மீண்டது உண்மை. ஆனால் அதை அனுபவிக்க அவருக்கு ஒரு வருடம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை, அப்புறம் அந்த நாடு அவர் வம்சத்து ஆண்களுக்கும் போகவில்லை.

லாபம் பார்த்தவர்கள் பட்டியல் வேறு. ஸ்ட்ராங்போ கை ஓங்குவதைப் பார்த்து ஹென்றியே 1171 அக்டோபரில் பெரும் படையோடு வந்து இறங்கினார். ஸ்ட்ராங்போ பணிந்து, லென்ஸ்டரை அவரிடமிருந்தே மானியமாக வாங்கிக்கொண்டார். மாரிஸின் வழியில் வந்தவர்கள் கில்டேர், டெஸ்மண்ட் எர்ல்கள் ஆனார்கள். கில்டேர் குடும்பம் 16-ஆம் நூற்றாண்டு வரை அயர்லாந்தையே ஆட்டிவைத்தது.

இன்னும் ஒருவர் பாக்கி. ஸ்ட்ராங்போவுக்கும் ஈவாவுக்கும் பிறந்த மகள் இசபெல். அண்ணன் தம்பி யாரும் நிலைக்காததால் அத்தனை சொத்தும் அவளுக்கு. 1189-இல் அவளை மணந்தவர் வில்லியம் மார்ஷல். சின்ன பிரபு ஒருவரின் நாலாவது பிள்ளை, ஒரு காணி நிலம் வர வழியில்லை. குழந்தையாக இருந்தபோது பிணையாளாகப் பிடித்து வைத்து, தூக்கில் போடுவேன் என்று ஸ்டீஃபன் மன்னர் மிரட்டிய பையன். குதிரைவீரர்கள் மோதும் போட்டிப் பந்தயங்களில் எதிரிகளைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் மீட்புப்பணத்தையும் வாங்கிப் பிழைத்தவர். நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கல்யாணத்தால் வேல்ஸிலும் அயர்லாந்திலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். 1199-இல் பெம்ப்ரோக் எர்ல். 1216-இல் ஜான் மன்னர் இறந்தபோது ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தை ஆண்டவர் இவர்தான். 1166-இல் டெர்மட் கப்பலேறாமல் இருந்திருந்தால் மார்ஷலுக்கு லென்ஸ்டர் ஏது?

போப்பாண்டவர் வழிக்கும் வென்றவன் வழிக்கும் ஒரே வீட்டில் உதாரணம் கிடைக்கிறது. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. கடைசிப் பேரரசரின் தம்பிகள் தோமாஸும் டெமெட்ரியோஸும் கிரேக்கத்தின் மொரேயா பகுதியை ஆண்டுகொண்டிருந்தார்கள். ஊர் பற்றி எரியும்போதும் தங்களுக்குள் சண்டை போட்டவர்கள். 1460-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் வந்ததும் டெமெட்ரியோஸ் மிஸ்ட்ராவை ஒப்படைத்துச் சரணடைந்தார். தோமாஸ் கோர்ஃபு வழியாக இத்தாலிக்கு ஓடினார்.

தோமாஸ் சும்மா போகவில்லை. பத்ராஸ் ஊரில் இருந்த புனித அந்திரேயாவின் தலையைக் கையோடு கொண்டுபோனார். அடைக்கலம் கேட்டுப் போகிறவன் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதில் கெட்டிக்காரத்தனம். அந்திரேயா, போப்பாண்டவர்கள் தங்கள் முன்னோடியாகக் கருதும் பேதுருவின் சகோதரர். ரோமில் பேதுருவின் கல்லறை. 1462 ஏப்ரலில் போப்பாண்டவர் இரண்டாம் பயஸ் ஊருக்கு வெளியே மில்வியன் பாலம்வரை வந்து அந்தத் தலையை வரவேற்றார். தோமாஸுக்கு மாதம் 300 டுகாட் பொற்காசு போப்பாண்டவர் கொடுத்தார், கர்தினால்கள் 200 போட்டார்கள். சிலுவைப்போர் கிளம்பும் என்ற பேச்சு இருந்தது. கிளம்பவில்லை. 1465-இல் தோமாஸ் இறந்தார்.

பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். கர்தினால் பெஸாரியன் அவர்களை வளர்த்தவருக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் வெளியூர்க்காரர்கள், அநாதைகள், ஏழைகள் என்பதை மறக்காதீர்கள், லத்தீன்காரர்களைப் போல உடுத்துங்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். மூத்த மகன் அந்திரேயாஸின் பென்ஷன் படிப்படியாகக் குறைந்தது. கடைசியில் அவரிடம் விற்க மிஞ்சியது பெயர்தான். 1483-இல் ஸ்பெயினின் ஒசோர்னோ கவுண்ட் என்ற பிரபுவுக்குத் தம் வம்சச் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1494-இல் பேரரசர் பட்டத்துக்கான உரிமையையே பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸுக்கு வருடம் 4,300 டுகாட் என்று பேசி எழுதிக் கொடுத்தார். நாலு வருடத்தில் சார்லஸ் போய்ச் சேர்ந்தார். 1502-இல் அந்திரேயாஸ் இறந்தபோது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி போப்பாண்டவரிடம் 104 டுகாட் வாங்க வேண்டியிருந்தது.

மகள் ஜோயி மட்டும் விதிவிலக்கு. போப்பாண்டவர் செலவில் 1472-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவானுக்கு மணமுடித்து அனுப்பினார்கள், சோஃபியா என்று பெயரும் மாறியது. எட்கரின் அக்கா கதையேதான். நாடிழந்த வீட்டில் ஆண்பிள்ளை செலவு, பெண்பிள்ளை மூலதனம் என்று அந்தக் காலத்து அரண்மனைகள் கணக்குப் போட்டிருக்கின்றன. சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் ஈவா, மார்கரெட், சோஃபியா மூவரையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு முடிவுக்கு வரமுடியவில்லை.

சரணடைந்த டெமெட்ரியோஸுக்கு என்ன கிடைத்தது? ஐனோஸ் ஊரும், இம்ப்ரோஸ், லெம்னோஸ் போன்ற தீவுகளின் வருமானமும். முதல் சில வருடம் தம்பி தோமாஸைவிட வசதியாகவே இருந்திருப்பார். பிறகு மைத்துனர் வரி விவகாரத்தில் மாட்ட, எல்லாம் பறிபோனது. 1470-இல் அத்ரியானோபிளில் துறவியாக இறந்தார். வேடிக்கை என்னவென்றால், ரோமில் வளர்ந்த தோமாஸின் இளைய மகன் மானுவேல் 1476-இல் கிளம்பி நேராக கான்ஸ்டான்டிநோபிளுக்கே போய் சுல்தானிடம் நிலமும் பென்ஷனும் வாங்கிக்கொண்டார். இரண்டு இடத்துப் படியையும் எடைபோட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அவர் எடுத்த முடிவு அது. இதே பாலியோலொகோஸ் வம்சத்தவர் என்று அறியப்படுகிற மெசீஹ் பாஷா மதம் மாறி, ஒட்டோமான் படைத்தலைவராக 1480-இல் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டார், பின்னாளில் தலைமை வசீராகவும் ஆனார். முன்னாள் ராஜாவாகப் போனவனுக்குத் தீவு வருமானம், வேலையாளாகப் போனவனுக்கு ஆட்சி.

வென்றவனோடு பேரம் பேசுவதானால் தோற்பதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். ஆர்மீனியாவின் வாஸ்புராகான் மன்னர் செனெகெரிம் அப்படிச் செய்தார். துருக்கியர் தாக்குதல் தொடங்கியதும் 1021 வாக்கில் முழு நாட்டையும் பேரரசர் இரண்டாம் பாசிலிடம் கொடுத்து, பதிலுக்கு செபாஸ்தேயா நகரும் நிலங்களும் பட்டமும் வாங்கிக்கொண்டு, மக்களோடு மேற்கே குடிபெயர்ந்தார். உடன் போனவர்கள் 14,000 பேர் என்கிறது ஒரு ஆர்மீனியக் குறிப்பு. வீரக்கதை இல்லை, பாட்டும் இல்லை. கணக்கு மட்டும் சரியாக வந்தது.

நாடிழந்த ராஜா எவ்வளவு விலையுள்ள சரக்கு என்பதற்கு ஒரு சாட்சி: போலிகூட வந்தது. 1078-இல் பதவியிழந்த பேரரசர் ஏழாம் மிக்கேல் நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒரு துறவி தெற்கு இத்தாலியில் ராபர்ட் கிஸ்கார்டிடம் வந்து சேர்ந்தான். கிஸ்கார்டே ஒரு சின்ன நார்மன் குடும்பத்துப் பிள்ளை, அப்பாவுக்கு 12 ஆண்பிள்ளைகள். ஐந்து குதிரைவீரர், முப்பது காலாள் கொண்டு புறப்பட்டவன் என்று பைசாந்திய இளவரசி அன்னா கொம்னேனே ஏளனமாக எழுதுகிறார். 1059-இல் அவரே ட்யூக். 1081-இல் அந்தப் போலியைக் காட்டித்தான் பைசாந்தியத்தின் மேல் படையெடுத்தார். நிஜமோ போலியோ, படையெடுக்க ஒரு சாக்கு போதுமாக இருந்தது.

இதையெல்லாம் வைத்து என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயது, கூட வர ஆட்கள், காத்திருக்கப் பொறுமை இருந்தால் தூரத்துப் பேரரசனிடம் கூலிக்குப் போகலாம். சேமிப்பைத் தன் வெற்றியில் லாபம் உள்ள ஒருவரிடம் வைக்க வேண்டும். வயதாகி, நாடு பக்கத்திலேயே இருந்தால் டெர்மட் வழி. ஆனால் ஊர்களைக் கொடுக்கலாம், வாரிசுரிமையைக் கொடுக்கக் கூடாது. வெக்ஸ்ஃபோர்டோடு நிறுத்தியிருந்தால் அயர்லாந்து கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். கையில் நாடு இன்னும் இருக்கிறது, காக்க முடியாது என்றால் செனெகெரிம் மாதிரி விற்றுவிடலாம். போப்பாண்டவர் வழி எனக்குக் கடைசி. அங்கே மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் மாதப்படி கொடுப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்.

பையனை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். அவனுடைய ராஜாவுக்கு வயது 19, கூட 40 பேர், கல்யாணம் ஆகவில்லை. அன்று ராத்திரி சொன்ன பதிலே பொருந்துகிறது என்று கொஞ்சம் நிம்மதி எனக்கு. அவன் கேட்டதோ வேறு. "மாமா, எல்லாத்துலயும் ராஜாவைவிடக் கூட வந்தவன்தான ஜெயிக்கிறான்? அந்த பிரிஸ்டல்காரர் மாதிரி ஆட முடியுமா?"

புது ஆட்டம் தொடங்கும் பக்கத்தில் பத்து நிமிஷம் தேடிப் பார்த்தான். வியாபாரியாகத் தொடங்க அதில் வழியில்லை. குறைந்தது ஒரு கோட்டையாவது கையில் இருக்க வேண்டுமாம்.